நாற்பத்தேழு சிறுமிகளின் தடுப்பூசியை ஒரு குரல்பதிவால் தடுத்தவர்மீது நடவடிக்கை கோருதல்

அனுப்புநர்:
சு. சித்ராதேவி (வயது 38),
க/பெ. சுடலை,
வீரபாண்டி, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: எச்.பி.வி. தடுப்பூசி குறித்துப் பொய் பரப்பிய பனியன் கம்பெனி உரிமையாளர் திரு. தரணீதரன் மீது விசாரணை நடத்தவும், முகாமை மீண்டும் நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினாறு ஆண்டுகளுக்கு முன் தென்காசிப் பக்கமிருந்து பிழைப்புக்காக இங்கு வந்தவள். திரு. தரணீதரன் அவர்களின் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் அக்கா ராக்கம்மாளும் அங்கேதான் துணியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். என் மகள் முத்தரசி அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

2. கடந்த ஜூன் மாதம் அப்பள்ளியில், கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காக்கும் தடுப்பூசியைச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடுவதாக அறிவித்து, பெற்றோர் கையெழுத்துக்காகப் படிவம் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் லைன் வீடுகளில் எவருக்கும் அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. விளக்கிச் சொல்லவும் எவரும் வரவில்லை.

3. அன்று மாலை, கம்பெனித் தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் திரு. தரணீதரன் அவர்கள் தம் சொந்தக் குரலில் பேசிய பதிவு வந்தது. அதில் அவர் கூறியது: "ஏனுங்க, பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு ஊசி போடறாங்களாமா. அதைப் போட்டா நாளைக்குக் கொழந்த தங்காதுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கையெழுத்துப் போட்டுராதீங்க."

4. சம்பளம் கொடுக்கிறவர் சொல்கிறார், படித்தவர் சொல்கிறார் என்று நம்பினேன். அது நல்ல ஊசி என்று ஆசிரியை கூறியதாக முத்தரசி இரண்டு முறை சொன்னாள். அவளை அதட்டி உட்கார வைத்துவிட்டு, படிவத்தில் "விருப்பமில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். ஐம்பத்திரண்டு சிறுமிகளில் ஐந்து பேர் மட்டுமே ஊசி போட்டுக்கொண்டார்கள். மீதி மருந்து திரும்பிப் போயிற்று.

5. அடுத்த மாதம் என் அக்கா வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். ஓராண்டுக்கும் மேலாக அவருக்கு நிற்காமல் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. நாள் முழுவதும் நின்று வேலை செய்வதால் வந்த உடற்சூடு என்று நினைத்து, வெந்தயத்தை விழுங்கி வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார். அரசு மருத்துவமனையில் சோதித்த மருத்துவர் இது கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். ஒரு கிருமியால் வருவது, சிறு வயதிலேயே ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம், வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் உடனே போடுங்கள் என்றும் சொன்னார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் எந்த ஊசியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன் என்பது எனக்குப் புரிந்தது.

6. அந்த ஊசி என் அக்காவைக் காப்பாற்றியிருக்காது; அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அது இல்லை. அவர் சாவுக்கு எவரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கடைசி வாரத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, பிள்ளைக்கு ஊசி போட்டுட்டியா?" என்று கேட்டார். முகாம் முடிந்துவிட்டிருந்தது, வெளியில் காசு கொடுத்துப் போட வசதியில்லை; ஆனாலும் "போட்டாச்சுக்கா" என்றேன். சாகப்போகிறவரிடம் என்னைப் பொய் சொல்ல வைத்தவர் திரு. தரணீதரன். அக்டோபர் நான்காம் தேதி அக்கா இறந்தார்.

7. மூன்றாம் நாள் திரு. தரணீதரன் அவர்களின் மனைவி திருமதி இந்துமதி துக்கம் கேட்க வந்தார். நல்ல மனுஷி. முத்தரசியின் தலையைத் தடவி, "எங்க பாப்பாவுக்கு ரெண்டு மாசம் முந்தியே கோயமுத்தூர்ல ஊசி போட்டாச்சுங்க. அவங்கப்பாதான் கூட்டிட்டுப் போனாரு. நீங்களும் இந்தக் கண்ணுக்குப் போட்டுருங்க" என்றார். நான் அலைபேசியை எடுத்து அந்தக் குரல்பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கொண்டுவந்த பழப்பையை வைத்துவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அவர்மீதோ அந்தக் குழந்தையின்மீதோ எனக்குப் புகார் இல்லை. குழந்தையின் பெயரை இம்மனுவில் எழுதவும் மாட்டேன்.

8. மறுநாள் திரு. தரணீதரன் என்னை அலுவலக அறைக்கு அழைத்தார். ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்தபடி, "அந்த வாரம் ஷிப்மென்டுங்க. ஊசி போட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்னு பாதிப் பேர் லீவு போட்டா நான் என்ன பண்றதுங்க?" என்றார். பிறகு, முத்தரசியைத் தம் காரிலேயே அழைத்துப்போய் ஊசி போட்டுவிடுவதாகவும், பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

9. மறுத்துவிட்டேன். மற்ற நாற்பத்தாறு பிள்ளைகளுக்காக மறுத்தேன் என்று எழுதினால் தங்களுக்கு என்மேல் மதிப்பு வரும். அது முழு உண்மை அல்ல. அவர் கையால் ஒரு நன்மையை வாங்கிக்கொண்டால், அவரை வெறுக்கும் உரிமை போய்விடும் என்று பயந்தேன். இதற்காக முத்தரசி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவள் கோபம் நியாயமானது.

10. அதன்பின் ஒவ்வொரு வீடாகப் போனேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். வேலை போய்விடும் என்று சிலர் அழுதார்கள். ஆனாலும் முப்பத்தொன்பது தாய்மார்கள் இம்மனுவில் கையெழுத்திட்டுள்ளார்கள். முத்தரசிக்கு வரும் ஜனவரி ஒன்பதாம் தேதி பதினைந்து வயது நிறைகிறது. அதற்கு மேல் இலவச முகாமில் போட மாட்டார்கள் என்று செவிலியர் கூறுகிறார். அவளைப் போல இன்னும் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே ஐயா அவர்கள், டிசம்பர் மாதத்துக்குள் அப்பள்ளியில் முகாமை மீண்டும் நடத்தவும், முன்னதாக ஒரு மருத்துவரை அனுப்பி எங்களுக்குப் புரியும்படி பேச வைக்கவும், எங்களைப் போன்ற பெண் தொழிலாளர்களுக்கு இந்நோய்க்கான பரிசோதனை செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன். திரு. தரணீதரன் மீது சட்டம் அனுமதிக்கும் எல்லா நடவடிக்கையையும், ஒன்றைக்கூடக் குறைக்காமல், எடுக்க வேண்டுகிறேன். அவர் தம் கம்பெனியில், உற்பத்தி நேரத்தில், எல்லா மெஷின்களையும் நிறுத்தி, தாம் சொன்னது பொய் என்றும், தம் வீட்டில் அந்த ஊசியைப் போட்டிருப்பதாகவும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விசாரணைக்கு என்னையும் அழையுங்கள். விருப்பமில்லை என்று எழுதியவள் நான். அதற்கான கேள்விக்குப் பதில் சொல்வேன்.

அவரை மன்னித்துவிடும்படி என்னிடம் எவரையும் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: குரல்பதிவு அடங்கிய பென் டிரைவ், தாய்மார்களின் கையெழுத்துப் பட்டியல்.

நாள்: 16.11.2026
இடம்: திருப்பூர்

இப்படிக்கு,
சு. சித்ராதேவி