தாரைத் தண்ணீரும் நம் மலரின் உள்ளங்கையும்

என் அன்பு அத்தைக்கு,

கோவளத்து அலைச் சத்தத்தில் இன்றைக்கும் உங்கள் மீன்கூடையின் ஈர வாசனை வருகிறது. முருகன் படத்துக்கும் பக்கத்தில் உங்கள் படத்துக்கும் விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நம் மலருக்குத் திருப்போரூரில் கல்யாணம், அத்தை. உங்கள் பேத்திக்கு என் கைதான் வந்திருக்கிறது.

ஞாபகமிருக்கிறதா? புதுப்பெண்ணாக வந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வெளுத்து, உப்பி, ஊறின அவல் மாதிரி சுருங்கி எரிந்தது. தெருக்காரி ஒருத்தி, ஒட்டுமோ என்று தள்ளி நின்றாள். நீங்கள் என் ஈரக் கையை முந்தானையால் ஒற்றி எடுத்து உங்கள் கன்னத்தில் வைத்துக்கொண்டீர்கள்.

"இன்னா ஒட்டிக்கிச்சி? காஞ்சா சரியாப் பூடும். பாத்திரத்த நான் பாத்துக்கறேன், நீ மீன் கணக்க எழுது."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், அன்றிலிருந்துதான் கணக்கெழுதப் பழகினேன்.

இப்போது டாக்டரும் சொல்லிவிட்டார். தண்ணீர் பட்டால் வருவது, அபூர்வம், ஒட்டாது. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விலகிவிட்டால்? தாரை வார்க்கும்போது ஒரு சொட்டோடு சமாளித்துவிடலாம் என்றிருந்தேன்.

மாசி மகத்துக்கு இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் போனோம். சாமியோடு கூட்டமே கடலில் இறங்கியது, மலரும்தான். வெயிலில் கண் கூசி, நுரைக்குள்ளிருந்து நீங்கள் நடந்து வருவதுபோல் இருந்தது எனக்கு. வந்தது மலர். உள்ளங்கை இரண்டும் நுரையின் நிறம்.

சம்பந்தியம்மா பிடித்துப் பார்த்தார். மலர் மறைக்கவில்லை. தண்ணீர் பட்டால் இப்படித்தான், அம்மாவுக்கும் உண்டு என்றாள்.

அவர் முந்தானையால் அந்தக் கையை ஒற்றினார். சுருக்கம் மெல்ல அடங்குவதை, மேகம் கலைவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"டேய், பாத்திரம் உன் தலையிலதான்."

"இப்ப மட்டும் யாரு தேய்க்கிறாங்களாம்?" என்றான் அவன்.

முந்தானையால் ஒற்ற அவருக்கு யார் சொன்னது, அத்தை? நீங்களா?

முகூர்த்தத்தில் உங்கள் பித்தளைச் சொம்பு நிறைய எடுத்து, அவசரமில்லாமல் தாரை வார்ப்பேன். அவள் கை வெளுக்கட்டும். எல்லோரும் பார்க்கட்டும்.

உங்கள் கன்னத்தில் கை உலர்ந்த மருமகள்,
கஸ்தூரி