ஒண்ணும் பயமில்லையாம்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு வசந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இசக்கியும் நலம். தோஹாவில் சூடு குறைந்ததா? ஹோட்டல் அடுப்படியில் நிற்கிற உங்களுக்கு எந்த மாதமும் ஒன்றுதான்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் உங்கள் மகள் கையில்தான் இருக்கிறது. எனக்கு வருகிற வாய்ஸ் மெசேஜை எனக்கு முன்னால் அவள் கேட்டுவிடுகிறாள். எட்டாம் வகுப்பு வந்தும் மலையாளம்தான் வாசிக்கிறாள், தமிழ் எழுத்துக்கூட்டக்கூட வராது. அதனால்தான் காகிதம். லீவில் வந்திருக்கும் ராமர் அண்ணனிடம் ஒட்டிக் கொடுக்கிறேன். உறை பிரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இசக்கிக்கு மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. பள்ளிக்கூடத்து மாடிப்படியைக் கம்பி பிடிக்காமல் ஏறுகிறாள். எல்லாம் அந்த ஊசியால்தான், நான் மறுக்கவில்லை. கேட்க வந்ததும் அதைப் பற்றித்தான்.

நம் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாததால் ஊசிப் பெட்டி பக்கத்து வீட்டு ஷபானாவின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. போன மாதம் எடுக்கப் போனேன். இந்த ஊசியால் பிள்ளைகளுக்குக் கான்சர் வரலாமாம், மருந்துக்கடையில் நிற்கும் தம்பி சொன்னான் என்று மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். உனக்குத் தெரியாதா என்று வேறு கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஊசி தொடங்கிய அன்று டாக்டர் மலையாளத்தில் நெடுநேரம் பேசினார். ஊரிலிருந்து புதிதாக வந்த நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒண்ணும் பயமில்லையாம் என்று நீங்கள் ஒரே வரியில் முடித்தீர்கள். அவ்வளவு நேரமும் அவர் அதை மட்டுமா சொன்னார்?

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். இப்போது உங்கள் இடத்தில் இசக்கி. ஊசியால் வேறு ஏதாவது வருமா என்று கேட்கச் சொன்னேன். அவள் டாக்டரிடம், கான்சரின்ற காரியம் அம்மயோடு பறயண்டா, அம்மைக்குப் பேடியாகும் என்றாள். கான்சர் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவேண்டாம், பயந்துவிடுவாள் என்கிறாள். சுக்குக் கிடங்கில் மலையாளத்துப் பெண்களோடு இத்தனை வருஷம் வம்பு பேசியவளுக்கு இது புரியாதா? முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் முழுவதும் சொல்லவேண்டும் என்று டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னார். வந்தாலும் மிக அபூர்வமாம். மருந்தால்தான் வருகிறது என்றும் உறுதியாகவில்லையாம். இந்த மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளுக்கு மருந்து எடுக்காவிட்டாலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாம். நிறுத்தினால் மூட்டு கெடும், கண்ணும் கெடலாம். விடாத காய்ச்சலோ கழுத்தில் கட்டியோ கண்டால், காரணமில்லாமல் உடம்பு இளைத்தால், உடனே கூட்டி வரணுமாம். எல்லாம் கேட்டுவிட்டு இசக்கி என் பக்கம் திரும்பி, ஒண்ணும் பயமில்லையாம்மா என்றாள். அப்படியே உங்கள் குரல்.

அவளுக்கு யார் சொன்னது? ஷபானாவா, நீங்களா? போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடியில் உங்களோடு குசுகுசுவென்று பேசுகிறாளே, அது இதுதானா?

வெள்ளிக்கிழமை ஊசி போடும் நாள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு போட்டுவிட்டேன். தொடையைக் காட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். தலை வாரும்போது அவள் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் நெளிவாள், சீப்பைப் பிடுங்குவாள். இப்போது அசையாமல் நிற்கிறாள், அத்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானே பேசிவிடலாம். வாய் வரவில்லை. ஊசியை நிறுத்தவும் சொல்லவில்லை. எப்படியாவது லீவு கேட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். அன்று டாக்டர் சொன்னதை, விட்டதெல்லாம் சேர்த்து, அவளுக்கு முன்னால் என்னிடம் தமிழில் சொல்லுங்கள். அம்மாவுக்கும் தெரியும் என்றால் பிள்ளை தனியாகச் சுமக்க மாட்டாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இசக்கியம்மன் உங்களையும் அவளையும் காக்கட்டும். நீங்கள் வரும்வரை நான் மலையாளம் தெரியாதவளாகவே இருக்கிறேன்.

உங்கள்
வசந்தி