உமது தேசத்தின் மரக்கூழ்

இன்று காலை ஆபீசுக்கு, காகிதம் செய்கிற மரக்கூழின் மாதிரித் துண்டு ஒன்று வந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் மழையில் நனைந்த தடித்த அட்டை. புளித்த கஞ்சியும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. பியூன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எனக்கு உம்முடைய ஞாபகம் வந்தது. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாம் இருவரும் பாளையங்கோட்டைக்காரர்கள். ஹைதராபாத்தில் ஒரே காகித ஆலையின் நகர அலுவலகத்தில் எதிரெதிர் மேஜை. இரண்டு தேசங்கள் வெளியிலிருந்து எவ்வளவு மரக்கூழ் வாங்குகின்றன என்று மாதாமாதம் சுவர்ப் படத்தில் கோடு இழுப்பது நம் வேலை. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த சிக்கந்தராபாத்தில் குடியிருந்த எனக்கு மேனேஜர் பிரிட்டிஷ் இந்தியாவைக் கொடுத்தார். ஹுசேன் சாகர் ஏரிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த உமக்கு நிஜாம் ராஜ்யம். வீட்டு விலாசத்தைப் பார்த்து தேசபக்தியைப் பங்கிட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

என் கோடு எப்போதும் உயரத்தில் போயிற்று. ஒரு பொதி மரக்கூழைக்கூட நான் தோளில் சுமந்ததில்லை. ஆனாலும் அந்த உயரம் என்னுடையது என்றே நினைத்தேன்.

"என்னவே, உம்ம கோடு தரையில கிடக்கு. பெருக்க வாரவ வாரிட்டுப் போயிரப் போறா" என்பேன்.

"உம்ம தேசம் பெரிசு, பசியும் பெரிசு. எங்களுக்கு அளவாச் சாப்பிட்டாப் போதும்வே" என்பீர். தோற்கிறவர் அவ்வளவு நிம்மதியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தலைமை குமாஸ்தா ஓய்வு பெற்றார். டைரக்டர்கள் முன்னால் நாம் இருவரும் அவரவர் கோட்டை விளக்க வேண்டும், நன்றாக விளக்கியவருக்கு அந்த நாற்காலி என்றார் மேனேஜர். அதில் எப்படிச் சாய்ந்து உட்காருவது என்று வீட்டில் பழகிப் பார்த்தேன்.

அதற்குள் யுத்தம் வந்தது. ஸ்வீடனிலிருந்து கப்பல்கள் நின்றன. என் கோடு பாதிக்கு இறங்கியது. உம்முடையது அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பா எரிவதில் எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் உம் கோட்டைப் பார்க்கும்போது ஆறுதலாக இருந்தது.

அன்று நான் இரங்கல் கூட்டத்தில் பேசுவதுபோல் என் சரிவை விளக்கினேன். டைரக்டர்களின் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்து நீர் எழுந்து படத்தின் அடிமட்டத்தைக் காட்டினீர். "நம் ராஜ்யம் இனி அந்நிய மரக்கூழுக்குக் கை நீட்டாது. நம் காட்டு மூங்கிலே போதும். வேலை முடிந்தது, கோடு படுத்து ஓய்வெடுக்கிறது" என்றீர்.

"ஹவ்!" என்று ஆமோதித்து மேஜையைத் தட்டினார் மேனேஜர். டைரக்டர்கள் கைதட்டினார்கள். அதுவரை மேலே இருப்பவன்தான் ஜெயித்தவன். ஒரே வாக்கியத்தில் அதைத் தலைகீழாக்கிவிட்டு நாற்காலியை எடுத்துக்கொண்டீர்.

அன்று மாலை, "டீ குடிக்க வாரும்வே" என்றீர்.

"நக்கோ" என்று ஹைதராபாத் பாஷையில் மறுத்தேன்.

"ஊர்க்காரன்கிட்டயே நக்கோவா? அந்த நாற்காலியில ஒரு கால் ஆடுதுவே. பாத்துத்தான் உக்காரணும்."

ஆடுகிற காலின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

யுத்தம் முடியுமுன் டைபாய்டு உம்மைக் கொண்டுபோயிற்று. கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. மேனேஜர் தேம்பி அழுதார். எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்று அங்கேயே யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி எனக்கு வந்தது. காலைச் சரிபண்ணியிருந்தார்கள்.

இப்போது நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. "இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போடுங்கள்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கூட்டினேன். எது உம்முடையது, எது என்னுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சரிவு வந்தால் உம்மேல் பழி போடவும் வழியில்லை.

உம் பழைய மேஜையில் இப்போது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரர். என்னைவிட அழகாகக் கோடு போடுகிறார். மேனேஜருக்கும் அவரைத்தான் பிடிக்கிறது. அவர்மேல் எனக்குப் பொறாமையே வரவில்லை. பல முறை முயன்று பார்த்துவிட்டேன்.