எலிகளுக்கு ஊறிய எச்சில்

புது தில்லி

அன்புள்ள பிலோமி,

இன்று நம் மகளின் ஆய்வுரையைக் கேட்டேன். நீ உன் அக்கா வீட்டிலிருந்து திரும்பும்வரை இதைத் தள்ளிவைக்க மனமில்லை.

உனக்கிருப்பதைப் போலவே, தம் உடலே தம் உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோயுள்ள எலிகளுக்கு அவள் மருந்து கொடுத்திருக்கிறாள். சுரப்பிகளின் வீக்கம் தணிந்து, பெரும்பாலான எலிகளுக்கு மறுபடியும் எச்சில் ஊறியிருக்கிறது. திரையில் அதைப் பார்த்தபோது, தண்ணீர் இல்லாமல் ஒரு துண்டு சப்பாத்திகூட உன்னால் விழுங்க முடியாததையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டு வரச் சொன்ன கேள்வியை முன்வரிசையிலிருந்த பேராசிரியர் ஒருவரே கேட்டுவிட்டார்: மனிதர்களுக்கு எப்போது?

கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் சாட்சிகளை என் வக்கீல் தொழிலில் நீதிமன்றத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் மகள் அப்படியில்லை. எலிகளில் கண்டதை மட்டுமே சொல்ல முடியும், மனிதர்களைப் பற்றித் தன்னிடம் ஆதாரம் இல்லை என்றாள் அவள். குரல் தடுமாறவில்லை.

வெளியே வந்த பிறகுதான், "அப்பா, அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் பேசினா, 'மருந்து சீக்கிரம் வந்துடும், அம்மா'ன்னு சொல்லிடுவேன்" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். அந்த மருந்து உனக்கு எப்போது வரும் என்று நானும் சொல்லமாட்டேன். இப்படி ஒருத்தியைப் பெற்றதற்கு நீ பெருமைப்படலாம் என்பதை மட்டும் எந்த நிபந்தனையுமின்றிச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் கணவன்