கதையில் வந்த சித்தி

அக்டோபர் 8, புதன்
வெயில். மேற்கே மேகம் கூடிக் கலைந்தது. வாங்க: இஞ்சி, சோப்பு, மகாவுக்கு அழிரப்பர்.

மூன்றாம் வகுப்பில் யோசனைப் பாடம். சித்தி பேச்சைக் கேட்டு அப்பா காட்டில் விட்டுவிட்டு வந்த அண்ணன் தங்கை கதை. வழிக்குப் போட்ட ரொட்டித் துணுக்கைப் பறவைகள் தின்றதும் நிறுத்தினேன். வேறென்ன போட்டிருக்கலாம்?

"கரிசக்காட்டுல ஈரத்துல நடந்தா ஒண்ணும் போட வேண்டாம் டீச்சர். தடம் அப்படியே காஞ்சு கெடக்கும்."

"மறுபடி மழை பேஞ்சா என்னலே செய்வ?" பக்கத்திலிருந்த பையன் கேட்டான்.

"தீக்குச்சி போடலாம். காக்கா திங்காது." இதைச் சொன்னவன் அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை.

மகா எழுந்தாள். "குச்சியோட மருந்து முனை வீட்டைப் பாத்து இருக்கணும். இல்லன்னா எந்தப் பக்கம் போகன்னு தெரியாதுல்லா."

கைதட்டல். மகா, இறந்துபோன என் தங்கையின் பிள்ளை. கைக்குழந்தையிலிருந்து என்னிடம்.

மாலை அவள் அப்பா மணியாச்சியிலிருந்து போன். மறுகல்யாணத்துக்குப் பிறகு பேசுவதே அபூர்வம். "மதினி, ஞாயித்துக்கெழமை வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம். இவளும் கேக்கா, நம்மகூட இருக்கட்டும்னு."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல. பெற்றவர்.

அக்டோபர் 9, வியாழன்
தூறல். துணி காயவில்லை. ஹெச்.எம்.மிடம் டி.சி. பற்றிக் கேட்கவில்லை. நாளை.

மகாவிடம் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சித்தி உன்ன எப்படிப் பாத்துக்கிடுவாளோ. கதையில கேட்டேல்லா?" என்றேன். இதையா சொன்னேன், ஒரு பிள்ளையிடம்?

"அது கதையில வந்த சித்தி. இவியகிட்ட நீங்க பேசிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படித் தெரியும் பெரியம்மா?"

யார் எதைச் சொன்னாலும் இப்படிக் கேட்க வேண்டும் என்பது என் வகுப்புப் பழக்கம்.

அக்டோபர் 12, ஞாயிறு
வந்தார்கள். அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அவளுக்கு எதெல்லாம் ஆகாதுக்கா?"

கத்தரிக்காய். இடிச் சத்தம். தலைக்கு ஊற்றும்போது கண்ணில் தண்ணீர். நான் சொல்லச் சொல்ல உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நல்லவளாக இருந்து தொலைக்கிறாள்.

மகா கேட்டாள்: "கதை சொல்லுவீங்களா?"

"எனக்குத் தெரியாதேட்டி. நீ சொல்லு, நான் கேக்கேன்."

ஸ்டேஷனில் ஜன்னல் சீட். கையசைத்தாள். நானும். திரும்பி வந்து இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்
நல்ல மழை. "மீதிக் கதை டீச்சர்" என்றார்கள். கணக்கு நடத்தினேன்.

மாலை நானே போன் செய்தேன். மகாதான் எடுத்தாள். சாப்பிட்டாளாம். இடி இடித்ததாம், சித்தி மடியில் படுத்துக்கொண்டாளாம்.

"சனிக்கெழம பாக்க வரட்டுமாட்டி?"

"பொறுங்க பெரியம்மா. சித்திட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினாள். 'சித்தி, சித்தி' என்று அங்கே கூப்பிடுவது கேட்டது.