தேன் புட்டி லேபிள்

கண்ணா,

நீ போய் ஏழு வாரமாகிறது. அம்மா உன் அறைப் பக்கமே வருவதில்லை. நான்தான் வந்து உன் கம்ப்யூட்டரைத் தூசி தட்டுகிறேன். தட்டுகிற சாக்கில் உனக்கு வரும் மெயிலையும் படித்துவிடுகிறேன். பத்தாவதைத் தாண்டாத மூளை, வேறென்ன செய்யும்?

தேன் விற்கும் அந்த அம்மாள், நீ வரைந்த லேபிளில் கம்பெனிப் பெயரைப் பெரிதாக்கச் சொல்லி எழுதியிருந்தார். நீ இனி இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் அப்புறம் உன் பெயருக்கு யார் எழுதப்போகிறார்கள்? "சரிங்க, பெரிசாக்கிடலாம்" என்று நீ எழுதுவதுபோல அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது: "என்ன தம்பி, சண்டையே போடாம ஒத்துக்கிட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

திருட்டு முழி முழித்தேன். பிறகு, புத்தக அட்டைக்காக ஓர் எழுத்தாளரிடம் நீ மல்லுக்கட்டிய பழைய மெயில்களைத் தேடிப் படித்து, உன் தோரணையிலேயே எழுதினேன்: "முடியாதுங்க. பேரு கத்தக் கூடாது, தேன்தான் கண்ணுக்குத் தெரியணும்."

"இப்பத்தான் நீங்க பேசுற மாதிரி இருக்கு" என்று பதில் போட்டார்.

அதை உன்னிடம் காட்டுவதற்காக உன் நாற்காலியைத் தேடித் திரும்பினேன். அதில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அப்பா