எதிர்த்தரப்பில் நின்றவளுக்கு

இன்று காலை பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கருவாடு வறுக்கும் வாசனை வந்தது. மருமகள் ஓடிவந்து எங்கள் ஜன்னலைச் சாத்தப் போனாள். "இருக்கட்டும்மா" என்று தடுத்துவிட்டேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன் கருவாட்டு டப்பா மட்டும் இன்னும் யார் வீட்டிலாவது திறந்துகொண்டுதான் இருக்கிறது.

புனே சிவாஜிநகர் கோர்ட்டில் பெண் வக்கீல்களுக்கென்று ஒதுக்கியிருந்த அந்தச் சின்ன அறையில் நீ டப்பாவைத் திறந்தால் பாதிப் பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போவார்கள். கொங்கணத்துக்காரி ஒருத்தி மட்டும் தன் பாக்ரி ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்காருவாள். "போறவங்க போகட்டும்டி, நமக்குத் தாராளமா இடம் கிடைக்குது" என்பாய். கோர்படி ரயில்வே காலனிக்காரி நீ. கூட்டத்தில் இடம் பிடிக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் போபோடியில் வளர்ந்தவள், வாயைத் திறக்குமுன் நாலு பக்கமும் பார்க்கிற ரகம். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததோடு நம் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குச் சர்க்காரி வக்கீல் பதவி வந்தது. எனக்குக் கொடுத்தது அப்பீல்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை வாங்கியவர்கள் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்து முறையிடுவார்கள். கொடுத்த தண்டனை சரிதான் என்று நான் வாதாட வேண்டும். சாட்சியும் கிடையாது, குறுக்கு விசாரணையும் கிடையாது. கீழ்க்கோர்ட்டிலிருந்து வந்த வழக்குக் கட்டு மட்டும்தான். நீயோ குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம். ஆகவே மாதத்தில் சில நாட்கள் நாம் எதிரெதிரே நின்றோம்.

அந்த நாட்களுக்கு நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சேர்ந்து சாப்பிடக் கூடாது, கோர்ட் வளாகத்தில் தமிழில் பேசக் கூடாது. "கட்சிக்காரன் பாத்தான்னா, நம்ம வக்கீலம்மா விலை போயிட்டாங்கன்னு நினைப்பான்" என்றாய். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. இரண்டு மதராசிப் பெண்கள் என்னவோ பேசி முடித்துவிட்டார்கள் என்று கிளப்பிவிட ஆள் இருந்தார்கள். அதனால் கல்லூரித் தோழியிடம் படியில் நின்று மராத்தியில் குசலம் விசாரித்தேன். நீயும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மராத்தியிலேயே பதில் சொல்வாய். எதிர்ப்படும்போது உன் கண்ணைப் பார்க்காமல் நடப்பேன், பார்த்தால் சிரித்துவிடுவேன்.

அந்தச் சேலத்துக்காரர் வழக்கு வந்தது அப்படி ஒரு நாளில்தான். கட்டட வேலைக்குப் புனே வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். ஏரவாடாவில் ஜெயில் சுவர் தெரிகிற ஒரு சந்தில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தார். கம்பி திருடினார் என்று கான்ட்ராக்டர் புகார் கொடுக்க, மாஜிஸ்திரேட் ஆறு மாதம் போட்டுவிட்டார். ஜாமீனில் இருந்தார். அப்பீல் தோற்றால் அந்தச் சுவருக்கு உள்ளே போக வேண்டியதுதான்.

கட்டைப் படித்தபோது எனக்கே விசித்திரமாக இருந்தது. சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, "இதற்கு நீ என்ன சொல்கிறாய்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டிருக்கிறார். வழக்கமாக எல்லோரும் "பொய்" என்பார்கள். இவர் ஒவ்வொரு கேள்விக்கும் "உண்மை" என்று சொன்னதாகப் பதிவாகியிருந்தது. "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்ற கேள்விக்கும் "உண்மை"தான். தண்டனை நின்றதே அந்தப் பதில்களின் மேல்தான், மற்ற சாட்சிகள் எல்லாம் கான்ட்ராக்டரின் ஆட்கள்.

எனக்கும் உனக்கும் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. அதிகாரி ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்டால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கையைக் கட்டிக்கொண்டு "ஆமாங்க" என்று தலையாட்டுவார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன், மரியாதையாக நிற்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். மாஜிஸ்திரேட் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் இதை ஒரு மராத்திக்கார நீதிபதிக்கு எப்படி விளக்குவது? "என் கட்சிக்காரருக்கு மராத்தி தெரியாது" என்று நீ சொன்னதும், "தெரியாதவர் எப்படிப் பதில் சொன்னார்?" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நீ விடவில்லை. பின்வரிசையில் நின்ற கட்சிக்காரரைக் கூப்பிட்டு, நீதிபதியின் நாற்காலியைக் காட்டி, மராத்தியில் கேட்டாயே, "அந்த நாற்காலி உன்னுடையதா?" என்று! மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு, பயபக்தியோடு தலையாட்டி, "ஆமாங்க சாமி" என்றார்.

கோர்ட்டே சிரித்தது. டைப் அடிக்கிறவர்கூடக் கையை எடுத்துவிட்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சர்க்காரி வக்கீலுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார்.

உண்டுதான். அப்பீலில் கட்டை விட்டு வெளியே போகக் கூடாது, இப்படி வேடிக்கை காட்டுவதெல்லாம் சாட்சியம் ஆகாது. நான் ஆட்சேபித்திருந்தால் அது எடுபட்டிருக்கும். முன்வரிசையிலிருந்து கான்ட்ராக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வராந்தாவில் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். எழுந்து நின்றேன். "ஆட்சேபணை இல்லை. கேள்வி புரியாமல் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு ஒருவரை ஜெயிலில் அடைக்கச் சர்க்கார் விரும்பவில்லை. மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி கேட்கட்டும்" என்றேன்.

நீதிபதி தண்டனையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கக் கீழே அனுப்பினார். அங்கே சேலத்துக்காரர் விடுதலையானது பிற்பாடு. வராந்தாப் பேச்சும் எதிர்பார்த்தபடியே வந்தது. கொஞ்ச நாள் காதில் விழுந்தது, அப்புறம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

ஆனால் அன்று வெளியே வந்ததும் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சேலத்துக்காரர் உன்னிடம், "கடைசியா எந்திரிச்சுப் பேசுனாங்களே, அந்தம்மா யாருங்க?" என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் என்று சொல்லியிருக்கலாம். நீ யாரைப் பற்றியும் கவலைப்படாமல், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னாய்: "அவங்கதான்பா சர்க்கார்."

உனக்கு எப்போதும் விளையாட்டு. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சர்க்காரு பொம்பளையாங்க?" என்று உன்னிடம் கேட்டார். நீ வாயைப் பொத்திக்கொண்டாய். பிறகு தயங்கித் தயங்கி என் அருகில் வந்தார்.

"சர்க்காருக்குத் தமிழு தெரியுமுங்களா?"

"தெரியும், சொல்லுங்க" என்றேன்.

கட்டியிருந்த கையைப் பிரித்தார். நிமிர்ந்து நின்றார்.

"நான் கம்பி எடுக்கலீங்க" என்றார்.

உன் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அத்தனை நாள் கோர்ட்டில் அத்தனை பேர் கேட்ட கேள்விக்கு அந்த மனுஷன் சொன்ன முதல் பதில் அதுதான். அதைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில் நீ என்னை நிறுத்தியிருந்தாய். ஓய்வு பெறும்வரை எந்த அப்பீலிலும் "சர்க்கார் தரப்பில்" என்று எழுந்து நிற்குமுன் அந்தக் குரலை ஒருமுறை கேட்டுக்கொள்வேன். நிறைய ஜெயித்தேன், சிலவற்றை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தேன். எதற்கும் வருத்தமில்லைடி, நிம்மதியாகத் தூங்குகிறேன்.